மைவான் வீட்டில் மூன்று மழைக்காலங்கள்

பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில், 2021 டிசம்பர் முதல் குடியிருந்து வருகிறேன். இந்தக் கட்டடத்தின் சுவர்களில் செங்கல் கிடையாது. அலுமினியப் பலகைகளை அச்சாகக் கோத்து, சுவர்களையும் மேல்தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் ஊற்றி எழுப்பியிருக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘மைவான்’ என்று சொல்வார்கள். சென்னையின் தெற்குப் புறநகரில் புதிதாக எழும் அடுக்குமாடிகளின் விளம்பரங்களில் இந்தச் சொல் ஒரு தகுதிச் சான்றிதழைப் போல அச்சாகிறது. அதனால், இத்தகைய வீடு வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, மூன்று மழைக்காலங்களைக் கடந்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசுத் துறை ஒன்றில் கட்டடப் பொறியாளராக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சவுக்கு மரத்தை முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, தளம் போட்ட காலத்தில் தொழிலைக் கற்றேன். பிறகு இரும்புத் தகடும் இரும்பு முட்டும் வந்தன. அலுமினிய அச்சு முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க முதன்முதலாக வாய்த்தது, வாங்குபவனாக நான் பணம் கட்டிய இந்தக் கட்டடத்தில்தான். 2018 இறுதியில் பதிவு செய்தேன். 2019 தொடக்கத்தில் அடித்தள வேலை ஆரம்பித்தது முதல், கூடுமானவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பணியிடத்துக்குப் போய் வந்தேன். கட்டிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு புதிய முறையை நிறுவனம் ஒன்று எப்படிக் கைக்கொள்கிறது என்பதை அந்தக் கட்டடத்தின் வழியே பார்ப்பதுதான் என் நோக்கம். நான் பார்த்த குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவும் இல்லை.

முதலில் முறையைப் பற்றி. அலுமினிய அச்சைக் கொண்டு வீடு வார்க்கும் இந்த யோசனை 1970களின் இறுதியில் கனடாவில் உருவானது. வட அயர்லாந்தில் தோன்றிய மைவான் நிறுவனம் மலேசியாவில் தளம் அமைத்து இதை ஆசிய நாடுகளில் பெரிய அளவில் பரப்பியது. நகல் எடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியதைப் போலவே, யார் தயாரித்த பலகையாக இருந்தாலும் நம் ஊர்ப் பணியிடங்களில் அதன் பெயர் மைவான்தான். பலகைகள் ஒரு ஆள் தனியாகத் தூக்கிச் செல்லும் அளவுக்கு எடை குறைந்தவை. ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும். எந்த அறையின் எந்தச் சுவரில், எந்த இடத்தில் அது நிற்க வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். பலகையோடு பலகையைச் சேர்க்க ஆணியோ திருகோ கிடையாது. ஒரு பின்னைச் செருகி, அதன் துளையில் ஆப்பு ஒன்றைத் தட்டி இறுக்கினால் போதும். கழற்றும்போது ஆப்பை எதிர்ப்பக்கமிருந்து தட்டினால் விட்டுவிடும். ஒரு தளம் இறுகியதும், அந்தத் தளத்தில் இதற்கென்றே விட்டிருக்கும் நீள்சதுரத் துளை வழியாகப் பலகைகளைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். கீழே நிற்பவர் பலகையைச் செங்குத்தாகத் தூக்கிக் காட்ட, துளைக்கு மேலே குனிந்து நிற்பவர் அதன் விளிம்பைப் பிடித்து இழுப்பார், கிரேன் தேவையில்லை. சுத்தியல் ஆப்பில் படும் அந்தக் கணீர் ஒலி காலையிலிருந்து மாலைவரை ஓயாது கேட்கும். மரச்சட்டத்தின் ஓசைக்குப் பழகிய என் காதுக்கு அது பட்டறை ஒன்றுக்குள் நிற்பதைப் போல இருந்தது.

நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். சுவர்கள் நூல் பிடித்தாற்போல நிற்கின்றன. மூலைமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் இடைவெளி தெரிவதில்லை; தரையில் ஓடு பதித்தவர் ஓரத் துண்டுகளைச் சாய்வாக வெட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. சுவருக்குப் பூச்சு வேலை கிடையாது. கான்கிரீட் முகத்தின் மேலேயே பட்டி பார்த்து வண்ணம் அடித்திருக்கிறார்கள். பூச்சு இல்லாததால் பூச்சு பெயர்ந்து விழும் கவலையும் இல்லை. வெளிச்சுவர் 160 மில்லிமீட்டர் கனம்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி இருபுறமும் பூசினால் பிடிக்கும் இடத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு அறையிலும் சில அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது. கட்டிய பரப்பு ஒன்றாகவே இருந்தாலும் புழங்கும் பரப்பு கூடுகிறது. சுவரும் தளமும் ஒரே உடலாக இறுகியிருப்பதால் நில அதிர்வையும் புயல் காற்றையும் தாங்கும் வலிமை நன்றாக இருக்கும். கட்டமைப்பைப் பொறுத்தவரை, நான் வாழ்ந்த வீடுகளிலேயே இதுதான் உறுதியானது என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

குடியிருப்பவர்களுக்குத் தொல்லை தருவதும் இதே உறுதிதான். ஒரு படம் மாட்ட வேண்டுமென்றால்கூட ஆணி இறங்காது. ஹாமர் டிரில் வைத்திருப்பவரை அழைக்க வேண்டும். மின்குழாய்கள் கம்பிக் கட்டுக்குள் முன்கூட்டியே வைத்து வார்க்கப்பட்டவை. பின்னால் ஒரு சுவிட்சை ஓர் அடி தள்ளி வைக்க நினைத்தால், சுவரின் மேலேயே குழாய் ஓட்டுவது தவிர வேறு வழியில்லை. சுவரைக் கொத்தி உள்ளே புதைக்க முயன்றால் சுமை தாங்கும் கம்பியில் கை வைக்க நேரும். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே இருக்கும் சுவரை எடுத்துவிடலாமா என்று பக்கத்து வீட்டுத் தம்பதியர் கேட்டபோது, அது தடுப்புச் சுவர் அல்ல, மேலே இருக்கும் பதினொரு மாடிகளின் பாரத்தில் தன் பங்கைச் சுமப்பது என்று உட்காரவைத்து விளக்க வேண்டியிருந்தது. வீட்டின் ஒரு மூலையில் இருக்கும் வைஃபை மறுமூலைக்குத் தளர்ந்துதான் வந்து சேர்கிறது. குடும்பம் பெருகும்போது வீட்டைச் சற்று மாற்றிக் கட்டிக்கொள்வது நம்மவர்களின் வழக்கம். அந்த எண்ணம் உள்ளவர்கள் இந்த வகை வீட்டை வாங்க வேண்டாம்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். கான்கிரீட், செங்கலைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எங்கள் மேற்குப் படுக்கையறைச் சுவரில் சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும், சற்று முன்புவரை அடுப்பின் அருகே இருந்த பாத்திரத்தைத் தொடுவதுபோல இருக்கும். வீடுகளின் வெளிச்சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்கு மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு சதுர மீட்டருக்கு 15 வாட் என்று ஓர் உச்சவரம்பு வைத்தது. மெலிந்த கான்கிரீட் வெளிச்சுவரைக் கொண்டு அந்த வரம்புக்குள் நிற்க வேண்டுமானால், சன்னலுக்கு மேலே போதிய நிழற்பலகையும், மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில் வெப்பத்தடுப்பும் வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டும் இல்லை. பலகை அச்சு எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சன்னல் நிழற்பலகையை ஓர் அடியாகக் குறுக்கிவிட்டார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அச்சுக்கு ஏற்ப வீட்டை வெட்டும் இந்தப் பழக்கத்தை நான் கடுமையாகவே குறை சொல்வேன். சென்னை வெயிலில் சன்னலுக்கு நிழல் தருவதை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது.

இனி இந்த மதிப்புரையின் மையத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. நான்காம் தேதி காலை எழுந்து பார்த்தபோது, படுக்கையறையின் வெளிச்சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், ஐந்து ஈரப்புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. சாதாரணமாகச் சுவரில் நீர் கசிந்தால் அது வரைபடம்போலக் கோணல்மாணலாகப் பரவும். இவை அப்படி இல்லை; ஒரே மட்டத்தில், ஏறக்குறைய இரண்டு அடிக்கு ஒன்றாக, கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போல வரிசையாக இருந்தன. நண்பகலுக்குள் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு நீர்க்கோடு இறங்கத் தொடங்கியது. அளவுநாடாவை எடுத்து இடைவெளியை அளந்தேன், அறுநூறு மில்லிமீட்டர். பலகை ஒன்றின் அகலம் அது. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள டை துளைகள் வழியாகத்தான் நீர் வருகிறது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

டை என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போது சுவரின் உள்பக்கப் பலகையும் வெளிப்பக்கப் பலகையும் விலகிப் போகாமல் இருக்க, இரண்டையும் சுவரின் குறுக்கே ஊடுருவிச் செல்லும் தட்டையான இரும்புப் பட்டைகளால் பிணைத்திருப்பார்கள். பட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால், கான்கிரீட் இறுகியதும் உருவி எடுத்துவிடலாம். உருவிய இடத்தில் சுவரின் இப்புறமிருந்து அப்புறம்வரை மெல்லிய துளை நிற்கும். அந்தத் துளைக்குள் மிஞ்சியிருக்கும் உறையை எடுத்து, சுருங்காத சிமென்டுக் கலவையை வெளிப்புறமிருந்து ஆழமாகத் திணித்து அடைக்க வேண்டும். ஒரு தளத்தில் இத்தகைய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அடைத்ததும் அடைக்காததும் பட்டியும் வண்ணமும் அடித்த பிறகு ஒன்றுபோலவே தெரியும். மழைதான் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும்.

குடியிருப்போர் சங்கத்தில் நான் செயற்குழு உறுப்பினன் என்பதால், புயலுக்குப் பிறகு வந்த புகார்களை மாடிவாரியாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாம் மாடிகளில் பெரும்பாலான வீடுகளில் கசிவு இருந்தது. நான்கிலிருந்து எட்டுவரை ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒன்பதிலும் பத்திலும் மறுபடி கசிவு; பதினொன்றிலிருந்து மீண்டும் குறைவு. மழையும் காற்றும் உயரப் போகப் போகக் கூடுமே தவிர, இப்படி விட்டுவிட்டு அடிக்காது. ஆகவே காரணம் மழையில் இல்லை, மாடிகளைக் கட்டிய முறையில் இருக்கிறது என்று என் சனிக்கிழமைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன்.

அதில் விடை இருந்தது. முதல் தளத்தை 2019 ஆகஸ்டில் போட்டபோது, பலகை பூட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி முடிக்க இருபத்தாறு நாள் ஆயிற்று. பலகை விற்ற நிறுவனம் அனுப்பிய பயிற்சியாளர் ஒருவர் அந்தத் தளம் முழுக்கக் கூடவே இருந்தார். இரண்டாம் தளத்தின் பாதியில் திரும்பிவிட்டார். அப்போது பலகை அகற்றிய சுவர்களில் முகமெல்லாம் சிறு குமிழித் துளைகள். புதிய அலுமினியம் சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அதனால் புதுப் பலகைகளின் முகத்தை முன்கூட்டியே பதப்படுத்தி, கான்கிரீட் ஒட்டாமலிருக்க ஷட்டரிங் ஆயிலைச் சீராகத் தடவிய பிறகே பூட்ட வேண்டும். அதை அவசரத்தில் சரியாகச் செய்யவில்லை. சன்னலுக்கு அடியில், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி எட்டாத இடங்களில், கல் மட்டும் தெரிய, தேன்கூடாகக் கிடந்தது. நான்காம் தளத்திலிருந்து சுவர்கள் கண்ணாடிபோல வரத் தொடங்கின. எட்டாம் தளத்தைப் பத்தே நாளில் முடித்தார்கள். விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்த இளம் சைட் இன்ஜினியர் ஒருவர், அப்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “முதல் மூணு மாடியும் எங்களுக்குப் பாடம் சார். நாலாவதுலதான் கை படிஞ்சுது.”

அடுத்த பக்கத்தில் 2020 மார்ச் இறுதி. ஊரடங்கு. பலகை பூட்டும் குழுவில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். செப்டம்பரில் வேலை மீண்டும் தொடங்கியபோது வந்தது வேறு குழு. அவர்களைக் கொண்டு ஒன்பதாம் தளத்தைப் போட இருபத்திரண்டு நாள் ஆயிற்று. முதல் தளத்தில் பார்த்த அதே தேன்கூட்டை ஒன்பதாம் தளத்தில் பார்த்தேன். டை துளைகளை உள்பக்கம் மட்டும் பூசி மூடியிருந்ததையும் பார்த்தேன். எட்டு தளம் கட்டிக் கற்றதெல்லாம் ரயிலேறிப் போய்விட்டது என்பதுதான் உண்மை நிலை. பலகை, கட்டிய நிறுவனத்தின் சொத்து. பலகையைக் கையாளும் அறிவு துணை ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த ஆட்களின் சொத்தாக இருந்தது. அந்த அறிவை ஒரு தாளிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிறுவனத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

குழுவினரைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்களுக்குக் கூலி, பூட்டிய பலகையின் சதுர மீட்டர் கணக்கில். துளை அடைப்பதற்குத் தனிக் கூலி கிடையாது. அது யாருடைய வேலை என்பதே தெளிவாக இல்லை. பலகைக் குழு அதைக் கொத்தனாரின் வேலை என்றது. பூச்சு வேலையே இல்லாத கட்டடத்தில் கொத்தனார் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பழைய முறையில் பூச்சுக் கொத்தனார் வந்து மூடிவிடும் நூறு சிறு குறைகள், இந்த முறையில் யாருடைய கையிலும் படாமல் தங்கிவிடுகின்றன. பூச்சு இல்லை என்பதைச் சிக்கனமாகக் கணக்குப் போட்ட நிறுவனம், அந்தப் பூச்சு செய்துவந்த காவல் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று கணக்குப் போடவில்லை. கட்டுமான நிறுவனங்கள் புதிய முறைக்கு மாறும்போது நேரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பது என் துணிபு.

இந்த முறை நிறுவனத்தின் அலுவலகத்தையும் மாற்றக் கேட்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. செங்கல் கட்டடத்தில் கழிவறைக் குழாய் எங்கே வரும் என்பதைச் சுவர் எழுந்த பிறகுகூட முடிவு செய்யலாம். எங்கள் காலத்தில் அப்படித்தான் செய்தோம். மைவானில், பலகைக்கு ஆணை கொடுக்கும் முன்பே ஒவ்வொரு சன்னல், ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டி, ஒவ்வொரு குழாய்த்துளை எல்லாம் வரைபடத்தில் இறுதியாகிவிட வேண்டும். தொழிற்சாலையில் முழு வீட்டையும் ஒருமுறை பூட்டிப் பார்த்து, எண் எழுதி, கழற்றித்தான் அனுப்புவார்கள். அதன் பிறகு ஒரு சன்னலை நகர்த்துவதென்றால் புதுப் பலகை செய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தில் குளிரூட்டிக்கான துளையை வரைபடத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள். விளைவாக, எல்லா வீடுகளிலும் பிறகு வைரப்பல் வைத்த எந்திரத்தைக் கொண்டு துளைத்தார்கள். அந்தத் துளைகள் சிலவற்றில் கம்பி அறுபட்டதை நானே பார்த்துக் கடிதம் கொடுத்தேன்.

புதிய முறைகள் நிறுவனங்களை வந்தடையும் வழிகள் வேறு வேறு. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஜிப்சம் பலகைகளைக் கொண்டு 2013இல் கட்டிய இரண்டு மாடி மாதிரி வீட்டையும், அதே வளாகத்தில் துவஸ்தா நிறுவனம் 3டி அச்சு முறையில் எழுப்பி 2021 ஏப்ரலில் திறக்கப்பட்ட 600 சதுர அடி வீட்டையும் ஆய்வகத்திலிருந்து வந்தவை எனலாம். மைவான் கடையில் வாங்கிய முறை: விலை கொடுத்தால் பலகை வரும், கூடவே சில வாரத்துக்கு ஒரு பயிற்சியாளரும் வருவார். அரசு எடுத்த வழி இன்னொன்று. 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் ஆறு விதமான முறைகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அவற்றில் ராஜ்கோட்டில் எடுத்துக்கொண்டது சுவரையும் தளத்தையும் சேர்த்து வார்க்கும் முறை. மைவானுக்கு உறவுமுறையில் நெருங்கியது. சென்னைக்கு வந்தது, தூண், உத்தரம், தளம் ஆகியவற்றை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பூட்டும் பிரிகாஸ்ட் முறை. பெரும்பாக்கத்தில் 116 கோடி ரூபாய்ச் செலவில் 1,152 வீடுகள். 2022 மே 26 அன்று திறந்துவைத்தார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து அதிக தூரமில்லை என்பதால் போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டடங்களில் இடைச்சுவர்களுக்கு, உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த ஏ.ஏ.சி. கற்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கல் வெப்பத்தைத் தடுக்கும், ஆணியும் இறங்கும். வெப்பத்தைப் பொறுத்தவரை என் வீட்டைவிட அது மேலான தேர்வு. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பணி நடக்கும்போதே பொறியாளர்களும் மாணவர்களும் வந்து பார்த்துக் கற்கும்படி அதைத் திறந்த வகுப்பறையாக வைத்ததுதான். தனியார் நிறுவனங்கள் தங்கள் முதல் கட்டடத்தில் கற்றதை வெளியே சொல்வதில்லை. அதனால் அடுத்த நிறுவனம் அதே முதல் மூன்று மாடிப் பிழையை மறுபடி முதலிலிருந்து செய்கிறது.

அளவுக்கு மீறிய அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கட்டடப் பொறியாளர்கள் எல்லோரும் படித்த ஒரு நிகழ்வு உண்டு. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம், முன்வார்த்த சுவர்ப் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 காலையில் 18ஆம் மாடி வீடு ஒன்றில் எரிவாயு வெடித்தது. மூலைச் சுவர்ப் பலகை வெளியே விழ, அதன்மேல் நின்ற வீடுகளும் கீழிருந்த வீடுகளும் அடுக்கடுக்காகச் சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். பலகைகள் வலிமையாகத்தான் இருந்தன, இணைப்புகள்தான் இல்லை. எங்கள் வீட்டின் கசிவை அந்த விபத்தோடு ஒப்பிடவில்லை. எங்கள் கட்டடம் ஒரே வார்ப்பு, அப்படிச் சரியாது. ஆனாலும் எந்தப் புதிய முறையாக இருந்தாலும் பொறியாளர் தன் கண்ணை முதலில் வைக்க வேண்டிய இடம் மூட்டும் துளையும்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிறுவனத்தின் சேவையைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். முதல் புகாருக்கு, 2024 ஜனவரியில், இரண்டு பேர் பட்டியும் வண்ணமும் கொண்டுவந்து உள்பக்கத்தைப் பூசிவிட்டுப் போனார்கள். அக்டோபர் மழையில் அதே ஐந்து புள்ளிகள் அதே இடத்தில் திரும்பின. கட்டடத்தை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறனிலோ குறை தெரிந்து சுட்டிக்காட்டினால், முப்பது நாட்களுக்குள் கட்டணம் ஏதுமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரெரா என்னும் வீடு-மனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மாடிவாரிப் பட்டியலையும், அளவுநாடாவோடு எடுத்த படங்களையும் இணைத்துச் சங்கத்தின் சார்பில் கடிதம் கொடுத்தோம். அதன் பிறகு நடந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். தலைமைப் பொறியாளரே வந்தார். வெளிப்புறத்தில் தொங்கு மேடை கட்டி, ஒவ்வொரு துளையையும் திறந்து, மிஞ்சிய பிளாஸ்டிக் உறையை இழுத்துப் போட்டு, சுருங்காத கலவையைத் திணித்து, மேலே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்தார்கள். எங்கள் சுவரில் திறந்த ஏழு துளைகளில் ஐந்து துளைகளுக்குள் உறை அப்படியே இருந்தது. அந்த ஐந்தும் என் ஐந்து புள்ளிகள்.

இந்த முறையில் கட்டும் வீட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், வாங்கலாம் என்றே சொல்கிறேன். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் மைவான் என்ற சொல்லைப் பார்த்து அல்ல. நிறுவனத்துக்கு அது எத்தனையாவது மைவான் கட்டடம் என்று கேளுங்கள். பலகைக் குழு நிறுவனத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறதா, ஒவ்வொரு கட்டடத்துக்கும் புதிதாக வருகிறதா என்று கேளுங்கள். டை துளைகளை யார் அடைக்கிறார்கள், யார் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குத் தெரியாது, பணியிடப் பொறியாளரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். முட்டுகளை எத்தனை நாள் விட்டுவைக்கிறார்கள் என்பதும் முக்கியம். சுவர்ப் பலகையை மறுநாளே எடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன்படி, நான்கரை மீட்டர்வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு ஏழு நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் அகலமானால் பதினான்கு நாள். வேகத்தைப் பெருமையாகச் சொல்லும் நிறுவனத்திடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். கோடையில் சுவருக்கு எப்படிக் கியூரிங் செய்கிறார்கள், அதாவது கான்கிரீட் காய்ந்துவிடாமல் ஈரத்தை எப்படிக் காக்கிறார்கள் என்றும் பாருங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், செங்குத்துச் சுவரில் நிற்காது. சாக்கு நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்களா, அல்லது அதற்கென்று உள்ள கலவையைத் தெளித்திருக்கிறார்களா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மாடி தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், முதல் மூன்று மாடிகளைத் தவிர்த்துவிடுங்கள் என்று நான் கூசாமல் சொல்வேன்.

அதே நிறுவனம் இப்போது சிறுசேரிப் பக்கத்தில் கட்டிவரும் அடுத்த கட்டடத்துக்கு இந்தச் சித்திரையில் போயிருந்தேன். விழுப்புரத்துத் தம்பிதான் அங்கே முதன்மைப் பொறியாளர். ஊரடங்குக்குப் பிறகு வந்த குழுவில் எட்டுப் பேரை நிறுவனமே மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள்தான் புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். தம்பி மாடிக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார்; சுவரின் படம் வரைந்து, ஒவ்வொரு டை துளைக்கும் ஓர் எண் கொடுத்து, அடைத்தவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. வெளிச்சுவரில் குழாயை வைத்து ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகே பட்டி வேலைக்கு விடுகிறார்கள். முதல் தளத்துக்கு இந்தமுறை பதினான்கு நாள்தான் ஆயிற்றாம். சன்னல் நிழற்பலகை மட்டும் அங்கேயும் ஓர் அடிதான். “அதை டிசைன்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன் சார்” என்றார்.

எங்கள் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இன்னும் மூன்று வீடுகளின் மேற்குச் சுவர் வேலை பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பு முடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு நிறைவது 2026 டிசம்பரில்.